ஏறிச்சா... இறங்கிச்சா?

"ஐயோ... யாராச்சும் வாங்களேன்!"

அலறியவள், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் சப்ளை செய்யும் ஏஜென்டின் மனைவி. க்ளினிக்கில் டெஸ்ட்டுக்கு நின்றிருந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஆட்டோவிலிருந்து ஏஜென்டை இறக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடத்தது...

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அவனேதான்!

இல்லாதப்பட்டவர்களுக்கு இலவசமாக வந்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பைக் கடைகளுக்கு விற்றுவிட்டு, காலாவதியான ஸ்ட்ரிப்பில் புதுத் தேதி ஒட்டி இந்த க்ளினிக்குக்கு அனுப்பியவன். அந்த ஸ்ட்ரிப்தான் அவளுடைய அக்காவுக்கு 'நார்மல்' என்று காட்டியது. நார்மலான அக்கா நினைவு தப்பி, மறுநாளே போய்ச் சேர்ந்தாள். நர்ஸ் புகார் கொடுத்தாள். சாட்சி எங்கே என்று ஏஜென்ட் சிரித்தான்.

கட்டிலில் கிடத்தி ட்ரிப்ஸ் மாட்டினாள். கை அவன் கழுத்துக்குப் போகத்தான் துடித்தது... பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலையில் வீட்டிலேயே டெஸ்ட் செய்ததில் நானூறு காட்டியது, இன்சுலின் ஊசி போட்டேன் என்றாள் மனைவி. குடோனிலிருந்து அவரே கொண்டுவந்த ஸ்ட்ரிப் டப்பாதானாம்.

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டான். எது நல்ல டப்பா, எது செத்த டப்பா... ஒட்டியவனுக்கே மறந்து போயிருந்தது!

"சிஸ்டர்... டெஸ்ட் பண்ணுங்க."

"பண்ணலாமே. நீங்க அனுப்பின ஸ்ட்ரிப்தான் இருக்கு."

"அது வேணாம்..."

"ஏன் சார்? புதுத் தேதி போட்டிருக்கே."

ஏஜென்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"சுகர் ஏறியிருந்தா ஒரு மருந்து. இறங்கியிருந்தா வேற மருந்து. மாத்திக் குடுத்தா ஆள் காலி. நல்ல ஸ்ட்ரிப் எங்கே இருக்கு? யோசிச்சே சொல்லுங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல. எங்கக்காவும் இதே கட்டில்லதான் கிடந்தா."

"சொல்லித் தொலைங்களேன்!" மனைவி தலையிலடித்துக்கொண்டாள்.

சொன்னான். எந்த குடோன், எந்தெந்தக் கடை, தேதி ஒட்டிக் கொடுத்தவன் யார்... அத்தனையும்! வரிசை மொத்தமும் வாயடைத்துக் கேட்டது. வரிசையின் முதல் ஆள் மட்டும் போனை எடுத்தார். மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டர். அவருக்கும் சுகர். நல்ல ஸ்ட்ரிப் இல்லையென்று போன வாரம் திருப்பி அனுப்பப்பட்டவர்.

போலீஸ் ஜீப்பில் குடோன் பெட்டிகள் வந்து இறங்கின. நல்ல ஸ்ட்ரிப்பைப் பிரித்து நர்ஸ் அவன் விரலைக் குத்தினாள்.

நூற்றி இருபது.

"நார்மலா? இன்னும் மருந்தே குடுக்கலியே..."

"நீங்க வந்ததுமே ட்ரிப்ஸ்ல குளுக்கோஸ் ஏத்திட்டேன் சார். சுகர் என்னன்னு தெரியலேன்னா முதல்ல குளுக்கோஸ்தான். நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பொழைச்சாச்சு."

"அடிப்பாவி... அப்போ எதுக்கு என்னை..."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

நர்ஸ் ட்ரிப்ஸ் ஊசியை உருவி, பஞ்சை அழுத்தினாள். அழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான்!

"கவலைப்படாதீங்க சார். உள்ளே வேளாவேளைக்கு அளவுச் சாப்பாடு, தினம் நடை, ஸ்வீட் கிடையாது. இனிமே உங்க சுகர் ஜென்மத்துக்கும் ஏறாது!"