அடிக்கப்படாத எண்

மேலே போன பலூன் திரையில் மேலே போகவில்லை. தூரத்தில் லோரீன், உயரமும் வெப்பமும் அனுப்பும் கருவியைக் கட்டி அதைப் பறக்கவிட்டு ஆறு நிமிடம் ஆகியிருந்தது. இந்நேரம் ஆயிரத்து எண்ணூறு மீட்டரையாவது தொட்டிருக்க வேண்டும். டாலியாவின் கணினியோ ஒன்றரை மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

 பல்கலைக்கழகப் புயல் ஆராய்ச்சிக் குழுவில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். அறுபது பேர் கேட்டு, அவள் ஒருத்திக்குக் கிடைத்த இடம். முதல் பலூனையே கோட்டைவிட்டால், இந்த மே மாதம் முழுக்க மற்றவர்கள் புயலுக்குப் பின்னால் ஓட, இவள் ஆய்வகத்தில் பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கோதுமை வயல்களுக்கு நடுவே செம்மண் பாதையில் வேன் நின்றிருந்தது. மாலை ஐந்து மணிதான், ஆனாலும் வடக்கே வானம் முழுக்கப் பாசிப் பச்சையாகக் கறுத்துக் கிடந்தது. காற்று பொசுக்கென்று நின்றுபோயிருந்தது. ஈர மண்ணும் அறுத்த புல்லும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தொண்டையில் தங்கியது. ஓட்டுநர் இருக்கையில் கிளேட்டன் சூரியகாந்தி விதைகளைக் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். இந்தக் குழுவில் அவனுக்கு ஐந்தாவது வருடம்.

“என்ன புது ஆளு, பலூன் பேசுதா?”

“பேசுது” என்றாள். அது பொய் இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்ற குழுவின் காரிலிருந்து லோரீன். “டாலியா! உன் பேரை எழுதித்தான் விட்டேன். ஜம்முனு மேகத்துக்குள்ள போயிட்டா!”

அப்படியென்றால் திரையில் இருப்பது எது?

மற்ற எண்களைப் பார்த்தாள். வெளியே வெப்பம் இருபத்து நான்கு டிகிரி. இந்தக் கருவி முப்பத்தாறு புள்ளி ஒன்பது என்றது. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு. வேனிலிருந்து தூரம் இரண்டு கிலோமீட்டர், புயல் இருக்கும் திசையில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று புள்ளி எட்டு. யாரோ நெஞ்சுயரத்தில் அதை ஏந்திக்கொண்டு வயலுக்குள் வருவதுபோல ஆடி ஆடி வந்தது. ஒன்று புள்ளி ஐந்து.

மானம் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். “கிளேட்டன், அலைவரிசை எண்ணைத் தப்பா போட்டுட்டேன் போல.”

“எந்த எண்ணைப் போட்டே?”

வேனின் உள்சுவரில் நீளமாக ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டினாள். ஒவ்வொரு பலூன் கருவிக்கும் ஓர் அலைவரிசை எண். கருவி பறந்ததும் பட்டையில் இருக்கும் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுவது குழுவின் வழக்கம். அடிக்காமல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்றைய எண்ணைப் பட்டையில் இன்னும் யாரும் எழுதவில்லை என்று தெரியாமல், அதுதான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

கிளேட்டனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

“அது எமெட்டோடது” என்றான். “நம்ம குழுவுல இருந்தவன். போன வருஷம், கருவிப் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு இதே மாதிரி வயல்ல நின்னான். பலூனை இன்னும் கட்டல. சுழல்காத்து வந்துச்சு. ஓடி வாடான்னு கத்தினேன். அப்புறம்... நான் வண்டியை எடுத்துட்டேன். பெட்டியும் கிடைக்கல, அவனும் கிடைக்கல. அந்த நம்பரை அடிக்க யாருக்கும் கை வரல.”

“பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?”

“நாளா? ரெண்டு மணி நேரம்.”

திரையில் தூரம் எழுநூறு மீட்டர். அது இப்போது நடக்கவில்லை, ஓடியது.

“எடுங்க! ஐயோ, வண்டியை எடுங்க!”

வேன் தெற்கே பாய்ந்தது. எலுமிச்சம்பழம் பருமனில் ஆலங்கட்டிகள் கூரையில் விழுந்தன. முந்நூறு. சக்கரத்துக்கு அடியில் செம்மண் வழுக்கியது. கிளேட்டன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். மன்னிச்சுடுடா, மன்னிச்சுடுடா என்பதுபோல் கேட்டது. நூறு. பின்கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்று டாலியா திரையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது. பத்து.

சுழியம்.

கூரையில் ஏதோ உட்கார்ந்தது. தகரம் உள்வாங்கியது.

உயரம் இரண்டரை.



நான்கு. முப்பது. நூற்றுப் பத்து.

“மேல போகுது!” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “கிளேட்டன், அது நம்மள விட்டுட்டு மேல போகுது!”

 ஆக்சிலேட்டரில் அவன் அழுத்திய கால் அழுத்தியபடி இருந்தது. என்ஜின் அலறியது. ஆனால் குழியில்லை, குலுக்கலில்லை, சக்கரம் மண்ணை அரைக்கும் சத்தமில்லை. கூரையில் ஆலங்கட்டி விழும் ஓசையும் நின்றிருந்தது. டாலியா மெதுவாகத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டிகள் விழவில்லை. கூடவே ஏறிக்கொண்டிருந்தன.

“டாலியா?” லோரீனின் குரல் உடைந்து வந்தது. “உங்க வேனைக் காணோமே. எங்க இருக்கீங்க?”

கீழே பார்த்தாள். வெகு கீழே, பச்சைச் சதுரங்களுக்கு நடுவே, நூல் போல ஒரு செம்மண் பாதை. அதன் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு லோரீனின் வெள்ளைக் கார்.

குளிர் ஏறியது. அவள் மூச்சு கண்ணாடியில் படிந்தது. திரையில் உயரம் எண்ணூறு, ஆயிரம் என்று ஒரு நல்ல பலூன் ஏறும் வேகத்தில் ஏறியது. வெப்பம் மட்டும் முப்பத்தாறு புள்ளி ஒன்பதிலேயே இருந்தது. தூரம், சுழியம்.