இரண்டாவது ‘ம்’

பிரீத்திகா ஒரு வரி வாசித்தாள்; இரண்டு ‘ம்’ கேட்டது.

ஒன்று கட்டிலிலிருந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமியார் பொன்னுத்தங்கம் கதைக்கு வழக்கமாகக் கொட்டுகிற ‘ம்’. மற்றது ஒரு மூச்சு பிந்தி, பிரீத்திகாவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. மழைச் சத்தத்தில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

சிவகாசியில் அவர்களுடைய அச்சகத்துக்கு மேல்மாடியில்தான் வீடு. வாரம் முழுக்கத் தரை அதிர ஓடுகிற மிஷின்கள் ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொள்ளும். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மட்டும் படியேறி வரும். அந்த நாள் கொலைக்கதைகளுக்கு உரியது. தட்டில் சாத்தூர்க் காராச்சேவு, டம்ளரில் சுக்குக் காபி, கையில் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய மர்ம நாவல். மாமியாருக்குக் கண் மங்கியதிலிருந்து பிரீத்திகாதான் உரக்க வாசிப்பாள். கதையில் முதல் பிணம் விழுந்ததும் இருவரும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுகமாகச் சாய்ந்துவிடுவார்கள்.

“எவன் கொன்னான்னு முந்தியே சொல்லிப்புடாதத்தா,” என்பாள் பொன்னுத்தங்கம். “கதையிலயாச்சும் ஒருத்தன் செத்தா, ஏன் செத்தான்னு கடைசியில சொல்லிருதாக.”

அவள் மகன் சபரிநாதன், பிரீத்திகாவின் கணவன், வெடிப் பெட்டிகளுக்கான லேபிள் லோடு இறக்கத் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன். அவன் போன வேளையில் அங்கே வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. மூடிய பெட்டியாகத்தான் வீடு திரும்பினான். ஏன், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கும் அழுகை வரவில்லை. நாவல் வாசித்தார்கள்.

இன்று சாப்பிட்டு எழுந்ததும், “லேசாக் கெறக்கமா இருக்கு. செத்த படுக்கேன், நீ வேலைய முடிச்சிட்டு வந்து படி” என்று சொல்லிவிட்டுப் போனாள் மாமியார். பாத்திரம் கழுவி, மழைக்குத் துணியை அள்ளிப் போட்டு, தானும் கொஞ்சம் கண்ணயர்ந்து பிரீத்திகா வந்தபோது சாயங்காலமாகிவிட்டது.

“ஆரம்பிக்கவா அத்தை?”

“ம்.”

மூன்றாவது கொலையின்போது கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் தொடர்ந்தாள். கட்டிலிலிருந்து வந்த ‘ம்’ மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோனது. பின்னாலிருந்து வந்தது நிற்கவில்லை. பக்கத்தில் வந்திருந்தது. தொண்டைக்குள் ஏதோ நொறுங்குவதுபோல, ஈரமாக. கூடவே கந்தக வாடை. இந்த ஊர்க் காற்றில் அது புதிதல்ல; ஆனால் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

“அத்தை, தூங்கிட்டீகளா?”

“ம்,” என்றது நாற்காலிக்குப் பின்னால்.

கையை நீட்டி மாமியாரின் பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. கணுக்கால் மடங்கவில்லை. இப்போது போன உயிரல்ல. இவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே போயிருக்க வேண்டும்.

அப்படியானால், முதல் ‘ம்’?

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கதவு நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவள் திரும்பவில்லை.

வாசித்தாள்.

“ம்.”

அடுத்த வரி.

“ம்.”

கொலைகாரனின் பெயர் வந்தது. அதையும் வாசித்தாள். கதை முடிந்தது. மழையும் நின்றிருந்தது. பின்னால் சத்தமில்லை. மூச்சில்லை.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நகங்கள் இல்லை. தோல் உரிந்து, வெடிப்புகளுக்குள் வெடிக்குப் போடும் வெள்ளித்தூள் மினுங்கியது. அவளை அது தொடவில்லை. புத்தகத்தைத்தான் தொட்டது. ஒவ்வொரு தாளாக, பொறுமையாக, பின்னோக்கிப் புரட்டியது. முதல் பக்கத்தில் நின்றது.

கட்டிலில் ஏதோ நகர்ந்தது.

பிரீத்திகா வெளிச்சத்தை அங்கே திருப்பினாள். சுவரைப் பார்த்துக் கிடந்த மாமியார் இப்போது இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்கள் மூடித்தான் இருந்தன. வாய் மட்டும் திறந்திருந்தது; உள்ளே நாக்கில் அதே வெள்ளித்தூள் மின்னியது.