எஸ்தரின் நாக்கு

எஸ்தர் தன் முழங்கை மடிப்பை முகர்ந்தாள். முந்தைய சாற்றின் வாசனையைச் சொந்தத் தோல்தான் மூக்கிலிருந்து துடைக்கும். பிறகு ஆவிக்குழலை வாயில் வைத்து இழுத்தாள். ஆவியை நாக்கின் மேல் நிறுத்தி, மூக்கு வழியே மெதுவாக விட்டாள்.

"நுங்கு. முதல்ல இளசு. விடும்போது லேசாத் துவர்ப்பு. தொண்டையில உறுத்தல் இல்ல."

அவள் கழுத்தில் ஒட்டியிருந்த சுவைப்பதிவிக்குச் சொற்கள் தேவையில்லை. நரம்பில் ஓடுவதை எடுத்து, சாற்றில் மிதக்கும் நுண்மணிகளில் அப்படியே பதித்தது. அந்தச் சாற்றின் ஆவியை யார் இழுத்தாலும் எஸ்தரின் நாக்கால்தான் சுவைப்பார்கள்.

விண்வெளியில், சிறுகோள் சுரங்கங்களில், சாப்பாடு என்பது சுவையற்ற பசை. நுங்கும் மழையும் ஆவிச்சாறாகத்தான் அங்கே போயின. அவள் கணவன் தேவசகாயம் அங்கே போய் ஆறு வருடமாகிறது.

தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளன் அமலன் உள்ளே வந்தான்.

"அக்கா, சுரங்கத்துலேர்ந்து மறுபடியும் புகார். நுங்கு அருமையாம். ஆனா ஏக்கமா வருதாம். கல்யாணமே ஆகாத பய சொல்லுதான், யாரையோ பிரிஞ்ச மாதிரி இருக்காம்."

"நான் நுங்கைத்தான் நெனச்சேன்."

"நுங்கை மட்டுமா?"

அவள் குழலைத் துடைத்தாள்.

ஏக்கத்தை வடிகட்டிப் புதிய சாறு அனுப்பினார்கள். ஒருவரும் வாங்கவில்லை. புகார் எழுதியவர்களே பழையதைக் கேட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் தேவசகாயம் திரும்புவதாகச் செய்தி வந்தது. அமலனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அத்தான் வந்த பெறவு உங்க நாக்கு என்னத்துக்கு ஆகும்? இன்னும் ஒரு வருசம் அவரை அங்கயே இருக்கச் சொல்லலாமே. சம்பளம் கூட்டித் தருவாக."

"செருப்பு பிஞ்சிரும்."

"வேலை போயிரும்க்கா."

"போவட்டும்."

அவள் சுவைப்பதிவியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

தேவசகாயம் மெலிந்து, நரைத்து வந்தார். மீன்குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அவர் எழுந்து போய் இன்னொன்று எடுத்து வந்தார்.

"நாம ரெண்டு பேருதான?"

"இருக்கட்டும். வந்தா சாப்பிடட்டும்."

"யாரு?"

"தெரியல. அங்க தெனமும் ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். ஊருக்கு வந்தா பாத்துரலாம்னு நெனச்சேன்."

எஸ்தருக்குப் புரிந்தது. சிரித்துவிட்டாள். அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க அங்க இழுத்த சாறெல்லாம் என் நாக்குலேர்ந்து பதிஞ்சது. நான் காத்துக்கிட்டு இருந்தது உங்களுக்குத்தான். அந்த ஆள் நீங்கதான்."

தேவசகாயம் கையை விடுவித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஆவிக்குழலை எடுத்தார். ஒரு இழுப்பு. கண்ணை மூடி, ஆவியை வெகுநேரம் உள்ளே வைத்திருந்தார். பிறகு தலையசைத்தார்.

"நான் இல்ல, எஸ்தர். அவன் ரொம்ப நல்லவன்."