மனமானி கண்ட குறை

குழாயில் அன்று கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் வந்தது. முந்தின நாள் செங்கல் நிறம். பக்கத்துச் சாயப்பட்டறையில் என்ன துணி ஓடுகிறது என்று செல்வநாயகி வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மகள் நேத்ராவின் முழங்கை மடிப்பில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

சுவரில் மனமானி பச்சையாக ஒளிர்ந்தது. குறைதீர்க்கும் நாள், கிராமசபை, தேர்தல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரசு வீட்டுக்கு வீடு மாட்டிய கருவி. குரல், மூச்சு, நாடித்துடிப்பு இவற்றைக் கொண்டு, வீட்டாருக்கு எதன்மேல் எவ்வளவு மனக்குறை என்று அளந்து அனுப்பிவிடும். தெருவில் பாதி வீடுகளில் ஒரே குறை தெரிந்தால் உடனே தீர்த்துவைப்பார்கள். லஞ்சம் கிடையாது, சிபாரிசு கிடையாது. பொய்க் கோபமும் செல்லாது.

அதுதான் வம்பாகப் போயிற்று. சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தது. தெருவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. உண்மையாகவே யாருக்கும் கோபம் இல்லை.

"ஏனுங்க, புள்ள கையப் பாத்தீங்களா?" என்று கணவன் தெய்வசிகாமணியிடம் கேட்டாள்.

"கேன் தண்ணி வருதில்ல, அதுல குளிக்கச் சொல்லு. சும்மா தொணதொணங்காத புள்ள."

செல்வநாயகி வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னால் வாளியை வைத்தாள். "இதைத்தான் உங்க கொழந்தைக மேல ஊத்தறீங்க. பாருங்க, நல்லாப் பாருங்க!" முதல் நாள் பரிதாபப்பட்டார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். அப்புறம் அவள் தலை தெரிந்ததுமே தாழ்ப்பாள் போட்டார்கள். அவள் விடவில்லை, ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

ஒரு வாரத்தில் தெரு முழுக்க மனமானிகள் சிவந்தன. அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "பாத்தியா கண்ணு, எல்லாத்துக்கும் சொரணை வந்துருச்சு!" என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அரசு வண்டி வந்தது. இறங்கிய அதிகாரிப் பெண்ணிடம் ஓடினாள். "பைப் மாத்த வந்தீங்களாம்மா?"

"இல்லீங்க." அந்தப் பெண் சங்கடத்துடன் கைக்கருவியைப் பார்த்தாள். "இந்தத் தெருவோட குறைன்னு நீங்கதான் வந்திருக்கீங்க. உங்களுக்கு வேற இடத்துல வீடு ஒதுக்கியாச்சு."

"நானா? தண்ணியில்லையா?"

"தண்ணி பத்தி உங்களத் தவிர யாருக்கும் குறையே இல்லீங்க. உங்க மேலதான். அதுலயும் உங்க வீட்டுலதான் அதிகமாக் காட்டுது."

செல்வநாயகி திரும்பிப் பார்த்தாள். தெய்வசிகாமணி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேத்ரா உள்ளே போய்த் தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்து, வண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புதிய குடியிருப்பு ஊருக்கு வெளியே, பொட்டல் காட்டில் இருந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு தெருவின் குறைகள். பஸ் கேட்டு மறியல் செய்தவர், ரேஷன் அரிசியை அதிகாரி மேசையில் கொட்டியவள், எல்லாச் சாதிக்கும் ஒரே சுடுகாடு என்று ஊரோடு மல்லுக்கு நின்ற தமிழாசிரியர். அங்கே தண்ணீரே வரவில்லை. முதல் நாளே அத்தனை பேரும் கொதித்ததில் மனமானிகள் கூவத் தொடங்கின. மறுநாள் லாரி வந்தது, வாரத்துக்குள் குழாய் வந்தது. அடுத்து பஸ், அதற்கடுத்து ஆஸ்பத்திரி. நேத்ராவின் கை மெல்ல ஆறியது.

மழைக்காலத்தில் தெய்வசிகாமணி போன் செய்தார். பட்டறைச் சாயம் கேன் தண்ணீர்க்காரரின் கிணற்றிலும் இறங்கிவிட்டதாம். தெருவில் எல்லாருக்கும் அரிப்பு.

"செல்வி, தெருவே உன்னைத்தான் கேக்குது. ஒரு நாள் வந்து எங்களுக்காகக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டுப் போயிரு."

"நானெதுக்குங்க? இத்தனை பேரு மேலெல்லாம் புண்ணை வெச்சுக்கிட்டு, உங்களுக்கே கோவம் வரலீங்களா?"

"வராம என்ன? ரொம்ப வருது," என்றார் அவர் எரிச்சலுடன். "இத்தனை சொல்லியும் நீ வரமாட்டேங்கறயேன்னுதான்!"