ஜன்னலோரத்து மடி

நிற்பதற்கே இடமில்லாத அந்தப் பஸ்ஸில், இடது பக்கம் மூன்றாவது சீட்டுக்கு அருகில் மட்டும் ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. படிக்கட்டில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கம்பிக்குக் கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவர் முதுகில் சாய்ந்தபடி வந்தார்கள். இவ்வளவு நெருக்கத்திலும் அந்த இடத்துக்கு ஒருவரும் நகரவில்லை. தேவிப்ரியா அதைப் பார்த்ததும், நல்லவேளை என்றுதான் நினைத்தாள்.

அவள் இடுப்பில், வெள்ளைத் துண்டு போர்த்திய ஏழு மாதக் குழந்தை யுவஸ்ரீ. தோளில் பால்புட்டி, டயாப்பர், ஃபிளாஸ்க் என்று திணித்து வைத்த பை. இன்னொரு கையில் சக்கரம் வைத்த பெட்டி. ஹைதராபாத்திலிருந்து காமலாபுரம் வரை சொகுசாகப் பறந்து வந்துவிட்டு, அங்கிருந்து சேலம் அம்மாபேட்டையிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதற்குத்தான் இத்தனை பாடு. விமான நிலையம் என்று பேர்தான் பெரிது. வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏழெட்டுக் கார்கள் கிளம்பிப் போனதும், வாசலில் காவல்காரரும் வெயிலும்தான் மிச்சம். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன அண்ணன் சபரிநாதனின் கார் கிளம்ப மறுத்துவிட்டதாம். மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து எந்தப் பஸ் கிடைக்கிறதோ அதில் ஏறிக்கொள், நான் அஞ்சு ரோட்டில் ஆட்டோவோடு நிற்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தான்.

அவளுடைய சுத்தத்தைப் பற்றிச் சொந்தக்காரர்களிடையே ஒரு கிண்டல் உண்டு. தேவி பிள்ளையைத் தூக்கவேண்டுமென்றால் குளித்துவிட்டு ஈரத்தோடு வரவேண்டும் என்பார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. கை கழுவாத மாமனாரையே அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டதில்லை. யுவஸ்ரீயும் அம்மாவுக்கு ஏற்ற பெண். புது முகம் ஒன்று அருகில் வந்தாலே வீறிட்டு ஊரைக் கூட்டிவிடுவாள். அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டு, வியர்வை வழியும் முதுகுகளுக்கு நடுவே நெளிந்து வளைந்து, காலி இடத்தில் போய் நின்ற பிறகுதான் நாற்றம் மூக்கில் ஏறியது.

முதலில் கிழங்கு மில் என்று நினைத்தாள். சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி விட்ட தண்ணீர் குட்டையில் நாள்கணக்காக நின்று, புளித்து, மேலே நுரை கட்டிக் கிடக்கும்போது எழும்புகிற வாடை. ஆனால் மில்லைத் தாண்டினால் அது விட்டுவிடும். இது விடவில்லை. பஸ் ஓட ஓடக் கூடவே வந்தது. அந்தப் புளிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, கறிக்கடைக் கழிவுத் தொட்டியை உச்சி வெயிலில் திறந்த மாதிரி, தொண்டைக்குள் வழவழவென்று ஒட்டிக்கொள்கிற ஏதோ ஒன்று. அவள் வாயால் மூச்சு விட்டுப் பார்த்தாள். அது நாக்கில் உறைத்தது.

சீட்டில் ஜன்னலோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பச்சைச் சேலை, இழுத்துப் போட்ட முக்காடு, கீழே குனிந்த தலை. பக்கத்து இடத்தில் வாய் கட்டிய சாக்கு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். சாக்கின் அடியிலிருந்து ஈரம் கசிந்து, சீட்டு விளிம்பில் கோழையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தேவிப்ரியா குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் போய்விடலாமென்று திரும்பினால், அதற்குள் அவளுக்குப் பின்னே வழி அடைத்துப்போயிருந்தது.

பஸ் ஒரு லாரியை முந்தி ஒடித்துத் திரும்பியது. கம்பியிலிருந்து அவள் கை வழுக்கியது. குழந்தையின் தலை இரும்புக் கம்பியில் மோதாமல் தப்பியது மயிரிழையில்தான்.

"புள்ளைய இப்படிக் குடு சாமி. மடியில வச்சுக்கறேன்."

நம் பஸ்களில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. உட்கார்ந்திருப்பவர் மடி எல்லோருக்கும் பொது. பள்ளிக்கூடப் பை, காய்கறிக் கூடை, பக்கத்து ஊர்க்காரர் பிள்ளை, எதையும் யாரும் முகம் பார்க்காமல் கொடுப்பார்கள், வாங்குகிறவர்களும் ஏனென்று கேட்கமாட்டார்கள். தேவிப்ரியாவும் சின்ன வயதில் அப்படி எத்தனையோ பேர் மடியில் உட்கார்ந்து போனவள்தான். யோசிப்பதற்கு முன்பே கைகள் நீண்டுவிட்டன. கொடுத்த பிறகுதான் அந்தப் பச்சைச் சேலைக்காரியின் விரல்களைப் பார்த்தாள். நாலைந்து நாள் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்து, உப்பி, சுருங்கியிருந்தன. நகக்கண்களில் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது.

யுவஸ்ரீ அழவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மஞ்சள் சட்டையோடு அந்த ஈர மடியில் பதிந்து உட்கார்ந்து, முக்காட்டுக்குள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தப் பெண்ணின் தாடை அசைவதைக் கவனித்தாள்.

அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். வெற்றிலை இல்லை, அதைவிடக் கெட்டியான ஏதோ. பஸ் இரைச்சலையும் மீறிச் சத்தம் கேட்டது, சேற்றில் கால் வைத்து எடுப்பது போல. மென்றதை இரண்டு விரலால் வாயிலிருந்து வழித்தாள். சாம்பல் நிறத்தில் நூல்நூலாக எச்சில் இழுத்தது. அதை அப்படியே குழந்தையின் வாயில் வைத்தாள்.

குழந்தை சப்பியது. விழுங்கியது. இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.

தேவிப்ரியா இரண்டு கைகளையும் நீட்டினாள். வேண்டாங்க, அவளுக்கு வெளியில் எதுவும் கொடுப்பதில்லை, தாருங்கள் என்றாள். இந்த நேரத்திலும் குரலில் மரியாதை வைத்துப் பேசுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"பசிக்குது சாமி அதுக்கு."

தேவிப்ரியா குழந்தையை எடுக்கக் குனிந்தாள். பஸ் ஓமலூரில் நின்றது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், மழை வருவதற்குள் வீடு சேரப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்படியில் ஒரேயடியாக ஏறினார்கள். அந்தத் தள்ளலில் அவள் நாலு சீட்டு பின்னுக்குப் போய்விட்டாள். பெட்டி எங்கோ சிக்கிக்கொண்டது. அதை விட்டுவிட்டாள். குழந்தை, என் குழந்தை முன்னால் இருக்கிறது என்றாள். அதான் மடியில் பத்திரமாக இருக்கிறதே, எதற்குப் பறக்கிறாய் என்று ஒரு பெண் சலித்துக்கொண்டாள்.

கோடை மழை தகரத்தில் இரைந்துகொண்டு இறங்கியது. ஜன்னல் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கே பஸ்ஸுக்குள் இருட்டு. ஈரத் துணி, தலைக்கு வைத்த எண்ணெய், டீசல் புகை, இவை எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புளிப்பு. மூடி வைத்த பானைக்குள் போல அது ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பழகியவர்கள் போல.

மெல்லும் சத்தம் இங்கேயும் கேட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, மூன்றாவது சீட்டில் ஓர் அம்மாவிடம் என் குழந்தை இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

"அந்தச் சீட்டுக்கு நான் டிக்கெட் போடறதில்லைங்க." பிறகு தணிந்த குரலில் கேட்டார். "நீங்களாக் குடுத்தீங்களா, அவங்களா எடுத்தாங்களா?"

"நானாத்தான் குடுத்தேன்."

 கண்டக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு உயிர் போனது. முட்டினாள். கடித்தாள்கூட. யாரோ ஒருவர் முழங்கையில் அவள் பல் பட்டது. ஒரு சீட்டு முன்னேறினாள். இரண்டு சீட்டு. யுவா, யுவா என்று கூப்பிட்டாள். பதிலுக்கு ஒரு சிரிப்பு வந்தது. குழந்தைச் சிரிப்பு. கிளுகிளுவென்று. ஈரமாக.

கருப்பூர் தாண்டியது. தலைகளுக்கு இடையில் ஒரு கணம் அந்தச் சீட்டு தெரிந்தது.

சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. சாக்கு தட்டையாகக் கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை.

மறுபடி முதுகுகள் மூடிக்கொண்டன.

"அஞ்சு ரோடு. எறங்கறவங்க எறங்குங்க."

விசில். கூட்டம் மொத்தமும் பின்படியை நோக்கிப் பாய்ந்தது. அவளையும் அள்ளிக்கொண்டு போனது. கம்பியைப் பிடித்தாள். விரல்களைப் பிரித்து இழுத்துக்கொண்டு போனது. என் குழந்தை, என் குழந்தை.

வந்தது. தலைகளுக்கு மேலே, கை மாறிக் கை மாறி வந்தது, அவளுடைய வெள்ளைத் துண்டில் சுற்றிய பொதி. வாங்கிய ஒவ்வொருவரும் கையை முழுக்க நீட்டி, மூச்சைப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளிடம் நீட்டினாள். தேவிப்ரியா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் கூட்டம் அவளைப் படியிலிருந்து கீழே தள்ளிவிட்டது.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சபரிநாதன் குடையோடு ஓடி வந்தான். பெட்டி எங்கே என்று கேட்டவன், தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டான். துண்டை விலக்கி மருமகள் முகத்தைப் பார்த்தான். அப்படியே அம்மா ஜாடை என்று சந்தோஷப்பட்டான். தேவிப்ரியாவும் பார்த்தாள். அதே கண். காதோரம் அதே மச்சம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதும், கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிப்பாட்டி, வாயைக் கழுவி, டாக்டரிடம் காட்டி, எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம்.

துண்டு ஊறிப்போயிருந்தது. முழுதாகப் பிரித்தாள்.

சட்டை இல்லை. கழுத்துக்குக் கீழே தோல் வெளுத்து, உப்பி, சுருங்கியிருந்தது. தொட்ட இடத்தில் அவள் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

புளிப்பு வாடை.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. மூன்றாவது ஜன்னலின் ஷட்டர் மேலே ஏறியது. பச்சைச் சேலை. முக்காடு. அதன் மடியில் மஞ்சள் சட்டை. யுவஸ்ரீ இப்போது அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் உதடு பிதுங்கியது, எப்போதும் அழுவதற்கு முன்னால் பிதுங்குகிற மாதிரி. இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். வெளுத்த விரல்கள் குழந்தையின் வாயைப் பொத்தின.

தேவிப்ரியா ஓட எட்டு வைத்தாள். முடியவில்லை. துண்டிலிருந்து அவள் தோளுக்கு ஏறியிருந்த அது பின்கழுத்து முடியைக் கொத்தாகப் பற்றி இழுத்தது. வளர்ந்த ஆளின் பலம். அண்ணா, பஸ்ஸை நிறுத்து என்று கத்த நினைத்தாள். குமட்டல்தான் வந்தது. சபரிநாதன் ஒன்றும் புரியாமல் அவளுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பஸ் பாலத்துக்குக் கீழே போய்த் திரும்பியது.

தோளில் இருந்தது தலையைத் தூக்கி, ஈரக் கன்னத்தை அவள் கன்னத்தில் வைத்தது. பசியெடுத்த குழந்தையைப் போல அவள் முகத்தருகே வாயை அகலமாகத் திறந்தது. உள்ளே பழுப்பேறிய பற்கள் முப்பத்திரண்டும் இருந்தன.