போன் எண் கொடுக்காதவன்

நவம்பர் 19, புதன்.

நான் செய்த தவறு சின்னது. ஒரே ஒரு வரி.

அந்த வரியால் ஒருவன் லாக்கப்பில் கிடந்தான்!

திங்கட்கிழமை பிற்பகல், அடையாறு அடுக்ககம் ஒன்றின் பி பிளாக்கில் விஜயலக்ஷ்மி கழுத்து நெரிபட்டுக் கிடந்தார். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டபோது, போட மறுத்த ஒரே ஆள்.

பிளாக் கதவை யார், எப்போது கார்டு தேய்த்துத் திறந்தார்கள் என்று பதிவு செய்வது நான் வேலை பார்க்கும் கம்பெனியின் மென்பொருள். அன்று பிற்பகல் பி பிளாக்குக்குள் போனவர்களின் பட்டியலைப் போலீஸ் கேட்டது. ஏ பிளாக்கில் இருக்கும் சங்கச் செயலாளர் ஜெயராம் எனக்குப் போன் செய்தார்.

"போன் நம்பரையெல்லாம் எடுத்துட்டுக் குடும்மா. யார் நம்பரும் வெளில போகப்படாது."

எடுத்தேன். அவரிடம் காட்டிவிட்டு அனுப்பினேன்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஃபராஸ், ஏசி மெக்கானிக்.

நேற்று இரவே தூக்கிவிட்டார்கள்!

அந்தப் பதிவு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஒவ்வொரு ஆளும் ஒரு பெட்டி. அதற்குள் பெயர், நேரம், போன் எண் எனக் குட்டிப் பெட்டிகள். வடிகட்டும் விதிகளை எழுத ஒரு ஸ்டைல்ஷீட். எந்தப் பெட்டிக்குக் காலி விதி எழுதுகிறோமோ, அந்தப் பெட்டி வெளியே வராது. இதைத்தான் தி. நகர் மாலை வகுப்பில் படிக்கிறேன்.

இன்று வகுப்பில் அந்த ஸ்டைல்ஷீட்டைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து நாற்காலி ஹம்சினி என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"நிஷா... என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"ஏன்?"

"காலி விதியை நம்பர் பெட்டிக்கு எழுதணும். நீ நம்பர் வெச்சிருக்கற ஆளோட பெட்டிக்கு எழுதியிருக்க!"



"அப்படின்னா...?"

"நம்பரைத் தூக்கச் சொன்னா ஆளையே தூக்கிட்டடி! நம்பர் குடுக்காதவன் மட்டும்தான் மிச்சம்!"

மூலக் கோப்பு அப்படியே இருந்தது. வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினேன்.

நான்கு பெயர்கள்!

நான்காவது பெயரைப் படித்தேன். ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் புகழேந்திக்கு எதிரே... ஜெயராம் காபி குடித்துக்கொண்டிருந்தார்!

"மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தக் கிளம்பிட்டோம். இப்ப வந்து லிஸ்ட் தப்புங்கறியா?" புகழேந்தி எரிந்து விழுந்தார்.

"தப்பு என்னோடது சார். இதுதான் சரியான லிஸ்ட்."

"கொழந்தை பாவம்... இப்பதான் படிச்சுண்டிருக்கா. பயந்துண்டு என்னமோ உளர்றா" என்று சிரித்தார் ஜெயராம்.

புகழேந்தி சிரிக்கவில்லை.

"மொத லிஸ்ட்டை அனுப்பறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினியாம்மா?"

"இவர்கிட்டதான் சார். ஒரே பேர்தான் வருது, தப்பா இருக்குமோன்னு கேட்டேன். ‘நன்னா இருக்கு, அப்படியே அனுப்பு’ன்னார்."

புகழேந்தியின் விரல் தாளில் இறங்கியது. நான்காவது வரியில் நின்றது.

"ஜெயராம் சார்... திங்கக்கிழமை மத்தியானம் பூரா மயிலாப்பூர்ல கச்சேரின்னீங்க?"

"ஆமா..."

"அப்ப பி பிளாக் கதவை உங்க கார்டு மட்டும் தனியா வந்து திறந்துச்சா?"

காபி டம்ளர் உருண்டது!

"நாலு பேர் போன கதவுக்கு ஒரு பேர் வந்தா, தப்புன்னு இந்தப் பொண்ணுக்கே தோணுது. போய்ட்டு வந்த உங்களுக்கு மட்டும் நன்னா இருந்திருக்கு!"

"எழுபது குடும்பம் காத்துண்டிருந்தது சார்..." ஜெயராமின் குரல் உடைந்தது. "அவ ஒருத்தி... ஒரே ஒரு கையெழுத்து..."

லாக்கப்பிலிருந்து ஃபராஸ் வெளியே வந்தான். உதடு வீங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க பாய். என்னாலதான்..."

"இன்னா மேடம்... நம்பர் குடுத்தா ஞாயித்துக்கெழமகூட நிம்மதியா தூங்க வுட மாட்டாங்கோ. அதான் குடுக்கல." வலியோடு சிரித்தான். "இனிமே கவல இல்ல. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல என் போட்டோ போட்டு, உள்ள வுடாதன்னு எழுதிக்கிறாங்களாம். எவனும் கூப்பிட மாட்டான்!"



நாளை: லீவு போட வேண்டும். எழுபது வீட்டுக் கதவையும் தட்டி, ஃபராஸ் கொலைகாரன் இல்லை என்று சொல்ல வேண்டும். காலையில் ஏ பிளாக். வகுப்புக்கு முன் பி பிளாக்.

அந்தத் தலைகளுக்குள் போனதை வடிகட்ட ஸ்டைல்ஷீட் கிடையாது. செருப்புதான் தேய வேண்டும்!