எல்லாருக்குமான குழாய்

முதலில் பார்த்தபோது, சைக்கிள் வீராங்கனை மாரெட்டின் புள்ளி வரைபடத்தில் சாலையை விட்டுச் சற்றே விலகியிருந்தது. அவ்வளவுதான்.

பெர்ஃபெக்தா மாயெஸ்தாஸ் கண்ணாடியைக் கழற்றி மேலங்கியின் ஓரத்தால் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு, சமையல் மேசையில் திறந்து வைத்திருந்த கணினித் திரையருகே குனிந்தாள். நேற்றிரவிலிருந்து ஓரிடத்திலேயே கிடந்த நீலப்புள்ளி நகர்ந்திருந்தது. போட்டி போகும் தெற்குத் திசையில் அல்ல, வடக்கே, வந்த பக்கமாக. ஆனால் வந்த வழியிலும் அல்ல. சாலையைக் காட்டும் சிவப்புக் கோடு மலைமேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து வர, புள்ளியோ அதைத் தொடாமல், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நேராக வந்துகொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில் உலகெங்குமுள்ள ரசிகர்கள் மகிழ்ச்சியோடு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நகர்ந்துவிட்டாள் என்றார் ஒருவர். போட்டியைக் கைவிட்டுத் திரும்புகிறாள் போலும், பிழைத்துக் கிடந்தால் போதும் என்றார் இன்னொருவர். மீட்புக் குழு தேவையில்லை என்று அமைப்பாளர்களுக்குத் தெரிவித்துவிட்டதாக மூன்றாமவர் எழுதினார். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

அந்த நேர்கோட்டின் குறுக்கே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு பாறைப் பிளவு இருந்தது. பழகிய ஆடுகூட அதில் இறங்காது. சைக்கிளைத் தோளில் சுமந்து நடப்பவர்களும் அதைச் சுற்றித்தான் வரவேண்டும். புள்ளி இப்போது அந்தப் பிளவின் நடுவே, வெறும் காற்று மட்டுமே இருக்கக்கூடிய இடத்தில் நின்றது.

வெளியே மாலை வெயில் இன்னும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் காற்றில்லை. ஆண்டின் மிகக் கொடிய வெப்பம் அந்த வாரம் நியூ மெக்சிகோவின் வடக்கு மேடுகள்மீது படுத்திருந்தது. பின்யோன் பைன் மரங்களின் பிசின் உருகி, அதன் கசந்த மணம் கொசுவலைக் கதவு வழியாக உள்ளே வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாட்களுக்காகவே அவள் காத்திருந்தாள். நாட்டின் வட எல்லையிலிருந்து தென் எல்லைவரை, மலைகளின் முதுகெலும்பின் மேலேயே, மண்பாதையில் சைக்கிள் ஓட்டி வரும் போட்டி அது. பரிசு கிடையாது. உதவிக்கு வண்டியும் கிடையாது. வீரர்கள் தம் உணவையும் படுக்கையையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவரிடமும் இருக்கும் செயற்கைக்கோள் கருவி அவரை வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கும். உலகின் எந்த மூலையிலும் அமர்ந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ரசிகர்களின் வேலை. பார்க்கலாம், கைதட்டலாம், பெயர் சொல்லிக் கூவலாம். உதவக் கூடாது. அப்படி ஏதேனும் தருவதானால் அது வருகிற அனைவருக்கும் ஒன்றுபோல் கிடைக்கவேண்டும்.

பெர்ஃபெக்தாவின் முற்றத்துக் குழாய் அப்படிப்பட்டது. கணவர் இறந்த வருடம் அவள் அதைச் சாலையோரம் வரை நீட்டி, மேலே ஒரு பலகையில் ‘எல்லாருக்கும்’ என்று எழுதி மாட்டினாள். முன்னும் பின்னும் நெடுந்தூரத்துக்கு வேறு தண்ணீர் இல்லை. வீரர்கள் வீடு திரும்பியபின் வாழ்த்தட்டை அனுப்பினார்கள். அவளை ஒருபோதும் கண்டிராத ரசிகர்கள் அவளைக் குழாய்க்காரி என்று செல்லமாக அழைத்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் சிறுமியாக இருந்தபோது அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. பகலெல்லாம் முயலைத் துரத்தும் ஓநாய், சுனையோரத்தில் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். முயல் குடித்து முடித்து ஓடிய பிறகுதான் துரத்தல் மறுபடி தொடங்குமாம். விலங்குகளுக்கே தெரிந்த முறை அது. நேற்றுவரை அவளுக்கும் தெரிந்திருந்தது.

நேற்றுக் காலையில் லெயாந்த்ரோ வந்தான். அவள் கையில் ஏந்தி நிற்க ஞானஸ்நானம் பெற்ற ஞானமகன்; அவளை மாத்ரினா, ஞானத்தாய், என்றே அழைப்பவன். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இந்தப் போட்டிக்குப் போன முதல் ஆள். முதலிடத்தில் வந்துகொண்டிருந்தான். உதடு வெடித்து, கண் குழிந்து, சைக்கிளின் மேல் யாரோ காயப்போட்ட சட்டை போலத் தொங்கிக்கொண்டு வந்தான். அவள் ஓடிப்போய்க் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“கிட்ட வராதீங்க மாத்ரினா. கட்டிப்புடிச்சீங்கன்னா அப்படியே தூங்கிடுவேன்,” என்றான் அவன் குழாயடியில் மண்டியிட்டபடி.

“மிளகாய்க் குழம்பு சூடா இருக்குடா.”

“வாசனை வருது. கொல்லாதீங்க. அந்த எஸ்தோனியாக்காரி வந்தா அவளுக்கும் ஊத்துவீங்களா? மாட்டீங்கல்ல? அப்ப எனக்கும் வேணாம்.” சிரிக்க முயன்று உதட்டைப் பிடித்துக்கொண்டான். “மனுஷியா அவ? தூங்கவே மாட்டேங்கறா. இன்னிக்கு என்னைப் புடிச்சிடுவா.”

பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போனான். மேட்டில் ஏறும்போது ஒருமுறை சாய்ந்து விழுந்து எழுந்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திட்டமிட்டுச் செய்தாள் என்று சொல்லமுடியாது. நல்லவர்கள் செய்யும் தீமைக்குத் திட்டம் தேவைப்படுவதில்லை. அந்த எஸ்தோனியாக்காரி மாரெட்டின் புள்ளி நெருங்கியபோது, முற்றத்து மூலையில் தகரமூடிக்குக் கீழே இருந்த வால்வைத் திருகி அடைத்துவிட்டு உள்ளே வந்து, சமையலறைத் தரையில், ஜன்னலுக்குக் கீழே அமர்ந்துகொண்டாள். சற்றே தாமதமாகட்டும். பையன் கொஞ்சம் தூங்கட்டும். அவ்வளவுதான் நினைத்தாள்.

குழாயின் கைப்பிடி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. பிறகு கதவு தட்டும் ஓசை.

“யாராவது இருக்கீங்களா? தண்ணி... கொஞ்சம் போதும்.”

மேசையின் மேல், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. பெர்ஃபெக்தா மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளியே நின்றவளும் ஓசையின்றி நின்றாள், காதைக் கதவில் வைத்திருப்பவளைப் போல. பிறகு சைக்கிளின் பின்சக்கரம் டிக்டிக்கென்று உருண்டு விலகியது.

அடுத்த தண்ணீர் காற்றாலையடியில் உள்ள மாட்டுத்தொட்டி. போட்டியின் வழிகாட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இந்த ஆண்டு அது வறண்டுவிட்டது என்பது வழிகாட்டிக்குத் தெரியாது. பெர்ஃபெக்தாவுக்குத் தெரியும்.

இரவில் புள்ளி தொட்டியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நின்றது. தூங்குகிறாள் என்றார்கள் ரசிகர்கள். காலையிலும் அங்கேயே நின்றது. கருவியில் ஆபத்துப் பொத்தான் உண்டே, அமுக்கவில்லையே என்றார்கள். அதை அமுக்கினால் போட்டி முடிந்துவிடும். புத்தி தெளிவாக இருக்கும்வரை எந்த வீரரும் அமுக்கமாட்டார், புத்தி கலங்கியபின் அமுக்க நினைவிருக்காது. யாராவது அருகில் இருந்தால் போய்ப் பார்க்கலாகாதா என்று ஒருவர் கேட்டார். அதற்குக் குழாய்க்காரி பதில் எழுதினாள்: அந்த இடத்தில் நல்ல நிழல் உண்டு, வெயில் தாழும்வரை படுத்திருப்பது வழக்கம்தான். ஊர்க்காரியின் சொல் என்பதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே ஒரு மரம்கூட இல்லை.

திரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. புள்ளி பிளவைக் கடந்துவிட்டிருந்தது.

பெர்ஃபெக்தா செல்பேசியை எடுத்தாள். லெயாந்த்ரோவின் தகப்பன் லிப்ராதோவை அழைத்தாள்; ஞானஸ்நான உறவால் அவர்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்பார்கள். அவன் மேல்மேய்ச்சல் வெளியில் மாடு பார்க்கப் போயிருந்தான்.

“என்ன கொமாத்ரே, உங்க ஞானப்பிள்ளை ஜெயிக்கிறதுக்கு முன்னாலயே ஊருக்கு விருந்தா? மாடு வேணும்னா நீங்களே வந்து புடிச்சுக்குங்க, எனக்கு இடுப்பு வலி.”

“கொம்பாத்ரே, காத்தாலைத் தொட்டிப் பக்கம் கொஞ்சம் வண்டிய விடுங்களேன். அந்தப் பொண்ணு அங்க...”

“யாரு, நம்மாளை விரட்டுறவளா? தொட்டிதான் காஞ்சு கிடக்கே. உங்ககிட்டதானே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“அவதான் உங்க குழாயில புடிச்சிருப்பாளே. அப்புறம் என்ன?”

அவள் ஜன்னல் வழியாக முற்றத்து மூலைத் தகரமூடியைப் பார்த்தாள்.

“சும்மா போய்ப் பாருங்க,” என்றாள்.

“சரி சரி, போறேன். எதிரிப் படைக்கு உளவு பார்க்கிற மொத ஆள் நீங்கதான்,” என்று சிரித்துக்கொண்டே வைத்தான் அவன்.

சூரியன் மேட்டின் பின்னே இறங்கியது. முற்றத்தின் நிறம் மாறி, வேலிக்கம்பங்களின் நிழல்கள் நீண்டு ஒன்றோடொன்று கலந்தன. அவள் விளக்கைப் போட்டாள். போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் தன் முகமே தெரிந்ததால் அணைத்துவிட்டாள். பின்யோன் மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இப்போது இருந்தது: பல நாள் வியர்வை, சங்கிலி எண்ணெய், சூடேறிய ரப்பர். ஆண்டுதோறும் குழாயடியில் அவள் விரும்பி முகர்ந்த வாடைதான். முற்றத்தில் ஒருவரும் இல்லை.

திரை புதுப்பித்துக்கொண்டது. புள்ளி மேய்ச்சல் வேலியைத் தாண்டியிருந்தது. அடுத்த முறை பார்த்தபோது கல்லறைத் தோட்டத்தை. அது சாலையைப் பொருட்படுத்தவில்லை, மேட்டையும் பொருட்படுத்தவில்லை. வேகம் கூடவில்லை, குறையவுமில்லை. களைத்த ஒருத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கும் வேகம்.

அடைத்த வால்வை இப்போதாவது திறந்துவிடலாம். எழுந்தாள். கதவுவரை போனாள். கொசுவலைக்கு அப்பால் மங்கிய ஒளியில் குழாய் நின்றது, பலகை நின்றது.

டிக். டிக். டிக்.

பின்சக்கரத்தின் ஓசை. சாலையில். பிறகு முற்றத்து மணலில், மெதுவாக. பிறகு நின்றது.

அவள் பின்வாங்கினாள். இடுப்பில் மேசை இடித்தது. ஜன்னலுக்குக் கீழே, நேற்று அமர்ந்த அதே தரையில் அமர்ந்தாள்.

கைப்பிடி கிறீச்சிட்டது.

அமைதி.

மறுபடி கிறீச்சிட்டது. மணலில் ஒரு காலடி. இன்னொன்று. கதவை நோக்கி.

செல்பேசி அலறியது.

“கொமாத்ரே...” லிப்ராதோவின் குரலில் சிரிப்பில்லை. காற்று அவன் சொற்களைப் பிய்த்தது. “செத்துட்டா. சைக்கிளச் சாச்சு வச்சு அதோட நிழல்ல படுத்திருக்கா. அந்த நிழல் எம்மாத்திரம்? ராத்திரியே போயிருக்கணும், உடம்பு விறைச்சுப்போச்சு.”

“இல்ல,” என்றாள். “புள்ளி நகருது. எல்லாரும் பாக்குறாங்க.”

“எந்தப் புள்ளி? கருவி என் கையிலதான் இருக்கு. விளக்கே எரியல.”

மேசைமீது திரை புதுப்பித்துக்கொண்ட மெல்லிய ஒளி சுவரில் மாறியது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீலப்புள்ளி அவள் வீட்டின்மேல் நின்றது.

“பாட்டில் எல்லாத்தையும் திறந்து, வரிசையா நிறுத்தி வச்சிருக்கா,” என்றான் லிப்ராதோ. “மழை வரும்னு நெனச்சாளோ என்னவோ. ஒண்ணுலயும் ஈரம் இல்ல. கொமாத்ரே... உங்க வீட்ல தண்ணி புடிக்கலையா அவ?”

கதவின் மறுபக்கம் ஓசையற்றிருந்தது. காதை வைத்துக் கேட்பவரின் ஓசையின்மை.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அவள் அதை நாக்கில் உணர்ந்தாள், அதன் எடையை, அதன் உப்பை. லெயாந்த்ரோவின் முகம் நினைவுக்கு வந்தது; வாழ்த்தட்டைகள் நினைவுக்கு வந்தன.

“புடிச்சா,” என்றாள். “எல்லாம் நிறைய புடிச்சிட்டுத்தான் போனா.”

கதவருகே இருந்த காலடிகள் திரும்பின. கோபமாக அல்ல. நேற்றைப் போலவே, எவரும் இல்லை என்று நம்பிவிட்ட ஒருத்தியின் நடையாகக் குழாயை நோக்கித் திரும்பின.

பெர்ஃபெக்தா செல்பேசியைத் தரையில் போட்டாள். கதவைத் தள்ளித் திறந்து, குழாயின் பக்கம் பார்க்காமல், சுவரைத் தடவிக்கொண்டே முற்றத்து மூலைக்கு ஓடினாள். தகரமூடியை இழுத்தெறிந்தாள். குழிக்குள் கைவிட்டு வால்வைத் திருகினாள். இன்னும். இன்னும். சொன்ன பொய் மெய்யாகிவிடும் என்பதைப்போல.

மண்ணுக்கடியில் குழாய் முனகியது. நடுங்கியது. நீர் ஓடும் ஓசை முற்றத்தின் குறுக்கே போயிற்று.

பிறகுதான் தலையைத் திருப்பினாள்.

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைசி வெளிச்சத்தில், பருத்த கயிறாக, பளபளத்துக்கொண்டு இறங்கியது. ஒரு சாண் இறங்கியது. அத்துடன் இல்லாமல் போயிற்று.

தரை நனையவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை. குழாய்க்குக் கீழே, உலர்ந்த புழுதியில், இரண்டு முழங்கால்களின் பள்ளம் மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது.

அவள் கேட்டாள். விழுங்கும் ஓசை. பெரிய மடக்குகளாக, ஒன்றன்பின் ஒன்றாக. தொண்டை ஏறி இறங்கும் ஓசை.

அவள் வால்வைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். விண்மீன்கள் தோன்றின. கிணற்றில் மோட்டார் இரைந்தது, திணறியது, சேற்றை இழுத்தது. விழுங்கும் ஓசை நிற்கவில்லை. ஒருமுறைகூட, மூச்சு வாங்குவதற்காகக்கூட, அது நிற்கவில்லை.